க்ளைமாக்ஸை வெளியே சொல்லாதீர்!

1

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். டீயில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்..."

மறுமுனையில் ஒரு பெண். அழுகிறாளா, அலறுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சார்... எங்க அண்ணன்... எங்க அண்ணனை..."

"பதறாம சொல்லுங்கம்மா. அண்ணனுக்கு என்ன?"

"தலையில அடிச்சுக் கொன்னுட்டாங்க சார்!"

ஜீப் பறந்தது.

அது வீட்டின் பின்பக்க அறை. சுவர் முழுக்கக் காலி முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க! முக்காலியில் ஒரு கேமரா. பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர். எதிரே சுழல் நாற்காலி.

நாற்காலியில் அவன்.

தாடை மார்பில் கவிழ்ந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தோன்றும். பின்னந்தலையைப் பார்த்தால் தோன்றாது!

காலடியில் ஒரு பித்தளைக் கேடயம். 'சிறந்த விமர்சகர்' என்று அதில் செதுக்கியிருந்தது. அதன் விளிம்பில் ரத்தம்.

ஏட்டு எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"சார்! இது நம்ம கத்திரி!"

"எந்தக் கத்திரி?"

"சினிமா விமர்சனம் சொல்ற கத்திரி சார்! சொந்தமா சேனல் வெச்சிருக்கார். புதுப்படம் எது வந்தாலும் கண்டதுண்டமா வெட்டிடுவார். 'நல்லா இல்ல'ன்னு இவர் ஒரு வார்த்தை சொன்னா போதும், தியேட்டர்ல ஈ ஓட்டணும்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பிணத்தின் முகத்தைப் பார்த்தார்.

பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சவரா சார்?"

"ம்? இல்ல... இல்லய்யா." இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரு போன் பண்ணது?"

வாசற்படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. காய்ந்த உதடுகள். கணவனை இழந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சொல்லுங்கம்மா."

"அண்ணன் காலையில முதல் காட்சிக்குப் போனாரு சார். எரிமலை எக்ஸ்பிரஸ்... இன்னிக்கு ரிலீஸ். பார்த்துட்டு வந்து சாப்பிட்டு, விமர்சனம் பேசி ரெக்கார்ட் பண்ண உக்காந்தாரு. எனக்கு மேட்னி டிக்கெட். நான் கிளம்பிட்டேன். படம் விட்டு வந்து பார்த்தா..."

பாதி கிழிந்த டிக்கெட்டை நீட்டினாள்.

"கதவை யாரும் உடைக்கலையே?"

"செருப்பு ஸ்டாண்டுக்குள்ள ஒரு சாவி இருக்கும் சார். எங்க வட்டத்துல எல்லாருக்கும் தெரியும்."

"என்ன வட்டம்?"

"முதல் நாள் வட்டம். நாங்க நாலு பேர். புதுப்படத்தை முதல் நாளே பார்க்கணும். ஞாயித்துக்கிழமை மதியம் ஒண்ணா உக்காந்து பேசணும். அண்ணன், நான், பல் டாக்டர், அப்புறம்..." பல்லைக் கடித்தாள். "அந்தக் கார்பன்!"

"கார்பனா?"

"அவனும் விமர்சனம் பண்றவன்தான் சார். சொந்தமா ஒரு வார்த்தை வராது. எங்க அண்ணன் பேசறதை அப்படியே காப்பி அடிப்பான். அதான் அந்தப் பேரு. போன வாரம்கூட வட்டத்துல வெச்சு அண்ணன் அவனைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. 'உன்னை ஒருநாள் பேச முடியாம ஆக்கறேன்டா'ன்னு சொல்லிட்டுப் போனான். ஆக்கிட்டான்!"

"ஆதாரம் இருக்காம்மா?"

தங்கை கண்ணைத் துடைத்தாள். இப்போது அந்தக் கண்ணில் ஈரமே இல்லை.

"ஆதாரம் அவன் வாயிலேருந்தே வரும் சார். 'முள்'ளுன்னு ஒண்ணு இருக்கு."

2

அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தங்கை சொன்னாள்.

விமர்சனத்தை ரெக்கார்ட் பண்ணும்போது, படத்தில் இல்லவே இல்லாத ஒரு காட்சியைச் சொந்தமாகக் கட்டி நடுவில் சொருகிவிடுவான். சேனலில் ஏற்றுவதற்கு முன், அந்த இடத்தை மட்டும் தங்கை வெட்டி எடுத்துவிடுவாள். வீடியோக்களை எடிட் செய்வது அவள்தான்.

"எதுக்கு இந்த வேலை?"

"யாராவது வீடியோவை வெளியே வரதுக்கு முன்னாடியே திருடினா, அந்தப் பொய் சீனையும் சேர்த்துத் திருடுவான் இல்லையா? திருடித் திங்கறவன் தொண்டையில சிக்கணும். அதான் முள்ளு."

"இன்னிக்கு என்ன முள்ளு?"

"நான் கிளம்பறப்போ வாசல்ல நின்னு சொன்னாரு... ஹீரோவோட அம்மா கண்ணாடியைக் கழட்டற சீன்னு. அவ்வளவுதான் தெரியும். அந்த வீடியோவை நான் இன்னும் பார்க்கல சார். கம்ப்யூட்டருக்குத்தான் நீங்க வந்ததுமே சீல் வெச்சுட்டீங்களே."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"அப்ப, அந்தக் கண்ணாடி சீன் எவன் வாயிலேருந்து வருதோ..."

"அவன் அண்ணன் செத்தப்போ அந்த ரூம்ல இருந்திருக்கான்! போன்ல கேட்டா, அவனும் டாக்டரும் மேட்னி பார்த்தோம்னுதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை வட்டத்தைக் கூட்டறேன். நீங்களும் வாங்க. சினிமா பேசுவோம்."

"எனக்கு சினிமாவெல்லாம் தெரியாதும்மா. பார்க்கறதே இல்ல."

ஏட்டுக்கு ஏனோ இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் அவரை ஒரு முறை முறைத்ததும் இருமல் நின்றது.

"சார்..." தங்கை எழுந்து நின்றாள். குரல் தணிந்திருந்தது. "எனக்கு அழணும்னு தோணல. அவன் கையில விலங்கு மாட்டறதைப் பார்க்கணும். எங்க குடும்பத்தைக் குலைச்சவன் ஒருத்தன் கூடத் தப்பிக்கக் கூடாது!"

3

ஞாயிற்றுக்கிழமை.

ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கீழே மிஷின்கள் ஓடுகிற அதிர்வு தரையில் தெரிந்தது. சுவரில் குண்டூசி குத்திய நூற்றுக்கணக்கான பாதி டிக்கெட்டுகள். நடுவில் ஒரு ஃப்ளாஸ்க், காகிதக் கப்புகள், சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். கத்திரியின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

பல் டாக்டர் முதலில் வந்திருந்தார். வழுக்கை, தொப்பை, சாந்தமான முகம். இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார்.

"தங்கமான பொண்ணு சார். புருஷன் டைரக்டர். எத்தனையோ வருஷம் அலைஞ்சு ஒரே ஒரு படம் எடுத்தான். சொந்த மச்சான் படம்னுகூடப் பார்க்காம கத்திரி கிழிச்சுட்டான். 'இந்தப் படத்துக்குப் போறவங்க கையோட தலகாணி கொண்டு போங்க'ன்னு ஒரு வரி... ஊரே சிரிச்சுது. படத்தைத் தூக்கிட்டாங்க. அந்த வாரமே இவ புருஷன் உயிரை விட்டுட்டான்."

"அப்படியும் அண்ணன் வீட்லயே இருந்தாங்களா?"

"இருந்தா. அண்ணன் வீடியோவையே எடிட் பண்ணிக் கொடுத்துட்டு இருந்தா. பெரிய மனசு!"

படிகளில் தடதடவென்று சத்தம். கார்பன் நுழைந்தான். தலையில் ஏகப்பட்ட ஜெல், கண்ணில் கூலிங் கிளாஸ். துக்க முகத்தை வாசலிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"கத்திரி இல்லாத சினிமா உலகம்... நெனச்சே பார்க்க முடியல சார்."

"உக்காருங்க," என்றாள் தங்கை. "அண்ணனுக்குப் பிடிச்ச மாதிரியே பேசுவோம். நம்ம ரூல் தெரியுமில்ல? க்ளைமாக்ஸ் மட்டும் கடைசியில. டாக்டர் சார், நீங்க ஆரம்பிங்க."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அடுத்த நொடியே சாந்தம் பறந்துவிட்டது. சினிமா ரசிகன் எழுந்துவிட்டான்!

"முதல் பாதி பல்லிடுக்குல மாட்டின நார் மாதிரிய்யா! வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. ஹீரோ ரயில் ஓட்டறவன். சரி. ரயிலைக் காட்டேன்! முக்கால் மணி நேரம் ஹீரோயினோட செல்லச் சண்டையையே காட்டினா? ஆனா அந்த இடைவேளை ஃபைட்டு இருக்கே... ஓடற ரயில் மேல... என் வயசையும் மறந்து விசிலடிச்சேன். பக்கத்துல என் பேஷன்ட் ஒருத்தர் உக்காந்திருந்தார். இனிமே அவர் என்கிட்ட வர மாட்டார்."

"பாட்டு?"

"பாட்டு வந்தப்போதான் கேன்டீன்ல வியாபாரம். நீ சொல்லு கார்பன்."

கார்பன் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"அரைச்ச மாவுதான். ஆனா அரைச்ச விதம் புதுசு! டைரக்டருக்குக் கேமராவை எங்க வெக்கணும்னு தெரியுது, எப்ப நிறுத்தணும்னு தெரியல. பின்னணி இசை காதைக் கிழிக்குது. இதெல்லாம் போகட்டும் சார்... ஒரே ஒரு சீனுக்காக இந்தப் படத்தை மன்னிக்கலாம்!"

"எந்த சீன்?" இன்ஸ்பெக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஹீரோவோட அம்மா! வில்லன் வீட்டுக்கே போறாங்க. தன்னோட மூக்குக் கண்ணாடியைக் கழட்டி அவன் மூக்குல மாட்டி விடறாங்க. 'நல்லா பார்த்துக்கடா... உன் பொணத்துக்கு மாலை வாங்கப் போற முகம் இதான்!' அப்படீங்கறாங்க. எனக்குப் புல்லரிச்சுடுச்சு!"

கீழே தையல் மிஷின் ஒன்று கடகடத்து நின்றது.

டாக்டர் கண்ணைச் சிமிட்டினார்.

"அம்மாவா? எந்த அம்மா? ஹீரோ அனாதைடா!"

"அ... அனாதையா?"

"அனாதை ஆசிரமத்துலதானேய்யா படமே ஆரம்பிக்குது!"

தங்கை எழுந்தாள். விரல் கார்பனை நோக்கி நீண்டது.

"கண்ணாடி! கேட்டீங்களா சார்? எங்க அண்ணன் வெச்ச முள்ளு! அந்த வீடியோவைப் பார்த்தவன் வாயிலேருந்துதான் அது வரும்! அண்ணனைக் கொன்னுட்டு, பொணத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து வீடியோவைப் பார்த்திருக்கான் பாவி!"

கார்பனின் கூலிங் கிளாஸ் கீழே விழுந்தது.

"ஐயோ சார்! சத்தியமா இல்ல! நான் படமே பார்க்கல!"

"ஆங்?"

"நான் எந்தப் படமுமே பார்க்கறதில்ல சார்! கூட்டம்னாலே எனக்கு மூச்சு முட்டும். யாரோ ஒருத்தர்... பேர் தெரியாத ஒரு ஐ.டி... கத்திரியோட வீடியோவை எனக்கு முன்கூட்டியே அனுப்பறாங்க. கொஞ்ச மாசமாவே வருது. அன்னிக்கும் வந்துது. மேட்னி நேரத்துல நான் வீட்ல போர்வையைப் போத்திக்கிட்டு அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்! இந்தாங்க போனு, நீங்களே பாருங்க!"

"நல்லா கதை விடறான்," என்றாள் தங்கை. "இந்தக் கதையாவது இவனோட சொந்தக் கதை!"

அந்தக் குத்தலில் கார்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. துள்ளி எழுந்தான்.

"நீ மட்டும் படம் பார்த்தியா? டிக்கெட்டைக் காட்டினா போதுமா? நானும்தான் டிக்கெட் வெச்சிருக்கேன்! எங்க, க்ளைமாக்ஸைச் சொல்லு பார்ப்போம்!"

தங்கை அசரவில்லை. நிதானமாக உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சொல்றேன். அனாதையா வளர்ந்த ஹீரோவுக்கு உதவிக்கு ஒருத்தரும் இல்ல. தண்டவாளத்துல அடிபட்டுக் கிடக்கான். வில்லன் சிரிச்சுக்கிட்டே கத்தியை ஓங்கறான். அப்ப எங்கிருந்தோ அந்த நாய் ஓடி வந்து வில்லன் கழுத்தைக் கவ்வுது பாரு... அங்கதான் எனக்குக் கண்ணு கலங்குச்சு. வாயில்லா ஜீவன்கூட தன்னைச் சேர்ந்தவனுக்காகப் பழி வாங்குது. மனுஷங்க நாம வாங்கக் கூடாதா?"

"ஆமா... நாய்..." கார்பன் முனகினான். "வீடியோலயும் அதான் இருந்துச்சு..."

டாக்டர் வாயைத் திறந்தார்.

தங்கையின் முகத்தைப் பார்த்தார். பாவம், துக்கத்தில் என்னத்தையோ உளறுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு ஃப்ளாஸ்க்கை எடுத்து டீ ஊற்ற ஆரம்பித்தார். கப்பு நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"ஏட்டு... விலங்கை எடுய்யா."

கார்பன் தடாலென்று இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தான். "சார்! நான் திருடன்தான் சார், ஒத்துக்கறேன்! கொலைகாரன் இல்ல சார்!"

ஏட்டு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். தங்கையின் உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

"அவனுக்கு இல்லய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தம்மாவுக்கு!"

4

"சார்!"

கத்தியது தங்கை இல்லை. டாக்டர்!

தங்கை நாற்காலியை விட்டு அசையவே இல்லை. "நான் சொன்ன க்ளைமாக்ஸ்ல என்ன சார் தப்பு?"

"டாக்டர், நீங்க சொல்லுங்க. எரிமலை எக்ஸ்பிரஸ்ல நாய் வருதா?"

டாக்டர் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார். "நாயா... படத்துல ஒரு பூனைகூட இல்ல சார். ஹீரோயின்தான் வில்லனை ரயில்லேருந்து தள்ளி விடுவா."

தங்கையின் முகம் வெளுத்தது.

"அண்ணன்... அண்ணன் வீடியோல தெளிவா..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது கொஞ்சம் லேட்!

"அந்த வீடியோவைத்தான் நீங்க பார்க்கவே இல்லையேம்மா!"

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"நான் சொல்லட்டுமா? மேட்னிக்குப் போனீங்க. டிக்கெட்டைக் கிழிச்சாங்க. லைட்டை அணைச்சதும் அடுத்த கதவு வழியா வெளிய வந்தீங்க. வீட்டுக்குப் போனா, அண்ணன் ரெக்கார்டிங்கை முடிச்சுட்டு நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்தார். கேடயம் கைக்கெட்டற தூரத்துல இருந்துது. அப்புறம் நிதானமா உக்காந்து வீடியோவை முழுசாப் பார்த்தீங்க, படம் பார்த்த மாதிரி பேசணுமே! முள்ளு எதுன்னு உங்களுக்குத் தெரியும், அதை மட்டும் ஒதுக்கினீங்க. மாசக்கணக்கா பேர் தெரியாத ஐ.டி.லேருந்து இவனுக்குத் தீனி போட்டதும் நீங்கதான். அதுவரைக்கும் முள்ளை எடுத்துட்டுப் போட்டீங்க, அன்னிக்கு மட்டும் முள்ளோட! இவனே கொலைகாரன்னா, இவனுக்கு எதுக்கும்மா வீடியோவை அனுப்பணும்?"

தங்கை சிரித்தாள்.

"நான்தான் கொன்னேன். என்ன இப்ப? என் புருஷன் நகையை விக்கல, நட்டை விக்கல... தன் தூக்கத்தை வித்து அந்தப் படத்தை எடுத்தார். ஒரே வரியில ஊரையே சிரிக்க வெச்சான் எங்க அண்ணன். அதே வரியை ஒரு எழுத்து மாத்தாம இன்னொரு தடவை சொல்லிக் கைத்தட்டல் வாங்கினான் இந்தக் கார்பன்! 'விமர்சனம்னா விமர்சனம்தான் தங்கச்சி, மச்சான்னெல்லாம் பார்க்க முடியுமா?'ன்னு சாவு வீட்ல வந்து சொன்னான் சார் எங்க அண்ணன்... சாவு வீட்ல! ஒருத்தனைக் கொல்லணும், அந்தப் பழியில இன்னொருத்தன் தொங்கணும். அதுக்காகத்தான் அந்த வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு, அவன் குரலைத் தினமும் கேட்டுக் கேட்டு வெட்டி ஒட்டினேன்!"

கார்பன் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"எல்லாம் சரியா போட்டேன்," என்றாள். "ஆனா... அண்ணன் எனக்குத் தெரியாம ரெண்டாவது முள்ளு வெப்பான்னு நெனக்கல. என்மேல சந்தேகப்பட்டிருக்கான்."

"சந்தேகமெல்லாம் இல்லம்மா." இன்ஸ்பெக்டர் சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார். "அந்த நாயை விட்டது நான்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை முதல் காட்சி. நானும்... ம்... மஃப்டில போயிருந்தேன். என் பக்கத்து சீட்ல ஒருத்தர். இடைவேளை முடிஞ்சதும் குறட்டை விட ஆரம்பிச்சவர், லைட் போடற வரைக்கும் நிறுத்தல! ரெண்டு தடவை இடிச்சும் பார்த்தேன். எழுந்ததும் என்கிட்டயே, 'சார், க்ளைமாக்ஸ் என்னாச்சு?'ன்னு கேட்டார். எனக்கு வந்துதே எரிச்சல்! 'நாய் வந்து வில்லன் கழுத்தைக் கவ்விடுச்சு சார்'னு அடிச்சு விட்டேன். அப்படியே நம்பிட்டுப் போனார். சாயங்காலம் அதே முகத்தை அந்த நாற்காலியில பார்த்தேன். ராத்திரி ஸ்டேஷன்ல வீடியோவைப் போட்டா, என் நாயை வெச்சுக் கத்திரி அஞ்சு நிமிஷம் விமர்சனம் பண்றார்!"

தங்கை மெதுவாக எழுந்தாள்.

"அண்ணன்... தியேட்டர்ல தூங்குவானா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப... என் புருஷன் படத்துக்கு..?"

இன்ஸ்பெக்டருக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர் டாக்டர்தான். டீ வழிந்த கப்பையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கும் தூங்கினான்மா. பேர் போடறப்பவே கண்ணை மூடிட்டான். நான்தான் பக்கத்துல இருந்தேன். நண்பனாச்சேன்னு... வாயைத் திறக்கல. என் தப்புதான்மா."

"தலகாணி..." என்றாள் தங்கை.

அதுவரை கலங்காதவள் அப்போதுதான் அழுதாள். ஒரு காட்சிகூடப் பார்க்காத வாய், எத்தனையோ வருஷ உழைப்பைக் கொன்றிருக்கிறது. அதன் கூடவே ஓர் உயிரையும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஏட்டிடம் நீட்டினாள்.

"மாட்டுங்க சார். எனக்கு வருத்தம் ஒண்ணே ஒண்ணுதான். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அவனைத் தூக்கத்துல கொன்னிருக்க மாட்டேன். எழுப்பி உக்கார வெச்சுக் கொன்னிருப்பேன்."

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஜீப் கிளம்பியது. கார்பனுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது, திருட்டு வீடியோவுக்காக! ஏட்டு முன்சீட்டில் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"சார்... டூட்டி நேரத்துல நீங்க படத்துக்குப் போனதை ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

"ரகசியக் கண்காணிப்புன்னு எழுதுய்யா."

"சரி சார். படம் எப்படி சார்?"

இன்ஸ்பெக்டர் ரோட்டைப் பார்த்தபடி மீசையைத் தடவினார்.

"ரெண்டாம் பாதி ரொம்ப இழுவைய்யா... கடைசியில ஒரு நாயாவது வந்திருக்கலாம்!"